விவிலியத் தமிழில் இறைப்பெயர்: கோல சிலாங்கூர்த் தோட்ட வழக்கை முன்வைத்து

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டத் தமிழில் 'சாமி' என்பது மரத்தடி முனீசுவரரையும் குறிக்கும். கத்தோலிக்கர் நாவில் குருவானவரையும் குறிக்கும். பேச்சு வழக்கிற்கு இயல்பான இந்நெகிழ்ச்சி, விவிலியத்தைத் தமிழாக்கியோர்க்குப் பெரும் சிக்கலாயிற்று.

1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். 1796இல் நிறைவுற்ற பெப்ரிசியுசு மொழிபெயர்ப்பு 'பராபரன்' என்றது. 1871ஆம் ஆண்டின் பவர் திருப்புதல் 'தேவன்' என்பதைத் தேர்ந்தது; தமிழ்ச் சபைகள் பலவற்றில் இன்றும் அதுவே ஓதப்படுகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. ஒவ்வொன்றிலும் ஓர் இடர் உண்டு. 'ஈசுரன்' சிவபெருமானை நினைவூட்டும்; 'பராபரன்' சைவ மெய்யியல் சார்புடையது; தேவனுக்குத் தேவியும் தேவர் கூட்டமும் உண்டு.

'கடவுள்' சமயச் சார்பற்ற பொதுச்சொல் எனக் கருதப்படுகிறது. ஆயினும் குறுந்தொகை 87ஆம் பாடலில் அச்சொல், மன்றத்து மரத்தில் உறைந்து கொடியவரை ஒறுக்கும் அச்சந்தரு தெய்வத்தையே சுட்டுகிறது. தோட்டத்து முனீசுவரர் இதற்குத் தொலைவானவர் அல்லர்.

விவிலிய மூலமொழிகளின் நிலையும் இதுவே. எபிரேய 'எலோகிம்' பன்மை வடிவினது. பிற இனத்தார் தெய்வங்களுக்கும் வழங்கியது. கிரேக்கத் 'தெயோசு' சீயசுக்கும் உரியதாயிருந்தது.

ஆகவே, முன்வரலாறு அற்ற இறைப்பெயரை இம்மொழிகளில் காண்பதரிது. வழிபடுவோரே அதன் பொருளை வரையறுக்கின்றனர். இருசமய மாணவரும் ஒருங்கே பயிலும் தோட்டத் தமிழ்ப்பள்ளியில், 'தேவன்' கிறித்தவச் சொல், 'கடவுள்' இந்துச் சொல் எனப் பிரித்துக் கற்பித்தல் சொல்வரலாற்றுக்கு முரணாகும்.