‘கொப்ளர்’ என்னும் சொல்: தொழிற்பெயரும் இழிபெயரும்

ஆங்கிலத்திலே ‘கொப்ளர்’ என்னும் சொல் பழைய பாதணிகளைத் திருத்துவோனைக் குறிக்கும். புதிதாகச் செருப்புச் செய்வோனுக்கு அங்கு வேறொரு பெயர் இருந்தது. ஸ்பெயினின் கோர்தோவா நகரத்துத் தோலையொட்டி அவன் ‘கோர்ட்வெய்னர்’ எனப்பட்டான். இலண்டனில் கோர்ட்வெய்னர் குழாம் 1439 இல் அரச பட்டயம் பெற்றது. புதுத்தோல் அவர்களுக்கு, பழந்தோல் கொப்ளருக்கு என்பதே அக்காலத் தொழிற்குழு விதிகளின் போக்கு. ஒட்டுப்போடுபவன் என்ற இந்நிலையிலிருந்தே, எத்தொழிலையும் அரைகுறையாகச் செய்பவன் என்ற பொருளும் கொப்ளருக்கு ஏற்பட்டது எனலாம்.

இவ்விரு பொருளையும் வைத்தே ஷேக்ஸ்பியர் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைத் (1599) தொடங்குகிறார். தொழில் யாதென வினவும் அதிகாரிக்கு, தான் கொப்ளர் என்கிறான் ஒரு தொழிலாளி. அதிகாரிக்கோ அது ‘திறனற்றவன்’ என்றே கேட்கிறது. மீண்டும் மீண்டும் வினவவேண்டியதாகிறது. செருப்பின் அடித்தோலும் மனிதனின் ஆன்மாவும் ஆங்கிலத்தில் ஒரே ஒலியுடையன. அதையும் பயன்படுத்திக்கொண்டு, அதிகாரத்தைச் சிரித்தபடியே அலைக்கழிக்கிறான் அச்சாமானியன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இதே சொல், மாவால் மூடி வேகவைத்த பழப் பண்டத்துக்கும், மதுவும் பனிக்கட்டியும் கலந்த பானத்துக்கும் பெயராயிற்று. இலண்டன் கொச்சை வழக்கில் இதன் பன்மை ‘பிதற்றல்’ எனப் பொருள்படும். இவற்றை இங்கு விரிக்கவேண்டியதில்லை.

தமிழை நோக்குமிடத்து நிலைமை வேறு. சிலப்பதிகாரம் ‘தோலின் துன்னர்’ என்கிறது. துன்னுதல் தைத்தலாகும். துணி தைப்போரான ‘துன்னகாரர்’ அருகிலேயே இவர்களும் வைக்கப்படுகின்றனர். இது தூய தொழிற்பெயர். ஆனால் புறநானூற்றின் 82 ஆம் பாட்டிலே, கட்டிலுக்கு வார் பின்னுபவனின் ஊசி விரைவைப் போரின் விரைவுக்கு உவமையாக்கும் சாத்தந்தையார், அவனை ‘இழிசினன்’ என்றே சுட்டுகிறார். கைத்திறன் வியக்கப்படுகிறது, கைக்குரியவனோ இழிக்கப்படுகிறான். இம்முரண்பாடு நம் கவனத்துக்குரியது.

ஆங்கிலச் சொல்லில் இகழ்ச்சி வேலையின் தரத்தைப் பற்றியது. வேலையை விட்டவனை அது தொடர்வதில்லை. நம்மிடையே அது பிறப்பைப் பற்றியது. தமிழகத்திலிருந்து நம் மலையகத்துக்கும் நகரங்களுக்கும் தோட்டத் தொழிலுக்கும் சுத்திகரிப்புத் தொழிலுக்குமாகக் கொண்டுவரப்பட்டோருள் சக்கிலியர் எனப்பட்டோரும் இருந்தனர். இங்கே அவர்கள் கொழுந்து பறித்தனர், வீதி கூட்டினர். தோலைத் தொடாதவரையும் தோற்றொழிலின் பெயர் விடவில்லை, வசையாகவும் நின்றது. தமிழ்நாட்டின் 2009 ஆம் ஆண்டுச் சட்டம், சக்கிலியர் உட்பட ஏழு சாதிகளை ‘அருந்ததியர்’ என்ற பொதுப்பெயரிலே தொகுத்து 3 வீத உள் ஒதுக்கீடு வழங்கியது. பெயர் மாற்றம் வெறும் சொல் விவகாரமன்று என்பதற்கு இதுவும் சான்று.

ஆகவே ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைத் தமிழாக்குவோர் கொப்ளருக்குச் சாதிப்பெயரை இடுவாராயின், சிலேடை மட்டுமா போகும்? உரோமபுரித் தொழிலாளி ஒருவனுக்கு, அவனுக்கில்லாத பிறப்பொன்றையும் நாம் சுமத்தியவராவோம். ‘செருப்புத் தைப்பவன்’ என்பது எம் கருத்திற் போதும்.