சாமி ஸ்கொயர்

சாமி ஸ்கொயர், 2018 ஆம் ஆண்டு செப்டம்பர் 21 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படமாகும். ஹரி இயக்கிய இப்படத்தில் விக்ரம், கீர்த்தி சுரேஷ், பாபி சிம்ஹா, சூரி, பிரபு முதலானோர் நடித்துள்ளனர். இசையமைத்தவர் தேவி ஸ்ரீ பிரசாத். இது 2003 இல் வெளிவந்து பெருவெற்றி பெற்ற சாமி படத்தின் இரண்டாம் பாகம் ஆகும். முதற்பாகத்தில் திரிஷா ஏற்ற புவனா வேடத்தை இதில் ஐஸ்வர்யா ராஜேஷ் ஏற்றார்.

கதைச் சுருக்கம்

(இப்பகுதியில் கதை வெளிப்படுத்தப்பட்டுள்ளது.)

காவல்துறை அதிகாரி ஆறுச்சாமி, பெருமாள் பிச்சையைச் செங்கற்சூளையில் கொன்றுவிட்டு, அவர் தலைமறைவானதாக ஊரை நம்பவைப்பதுடன் முதற்பாகம் முடிந்தது. இரண்டாம் பாகத்தில் பிச்சையின் மகன் இராவணப் பிச்சை, தந்தையைத் தேடி இலங்கையிலிருந்து திருநெல்வேலிக்கு வருகிறார். உண்மை அறிந்து ஆறுச்சாமியையும் புவனாவையும் கொல்கிறார். டெல்லியில் தாத்தா பாட்டியிடம் வளரும் அவர்களின் மகன் இராமசாமி, காவல்துறை அதிகாரியாகத் திருநெல்வேலிக்கு வந்து பழிதீர்க்கிறார். தந்தை, மகன் இரு வேடங்களையும் விக்ரமே ஏற்றுள்ளார்.

நகைச்சுவைப் பகுதி

இப்படத்தைப் பற்றிய விமர்சனங்களில் மிகுதியாகக் குறைகூறப்பட்டது சூரியின் நகைச்சுவையே. குறை நடிகருடையது மட்டுமன்று. அக்காட்சிகள் வைக்கப்பட்ட இடத்தினுடையதும் ஆகும். பழிவாங்கும் கதைக்கு வலுச் சேர்ப்பது இழப்பு. பெற்றோரின் முகத்தையே அறியாத மகனின் சினத்தைப் பார்வையாளர் தம்முடையதாக உணர, அவ்விழப்பு அவர்கள் மனத்தில் ஊறவேண்டும். டெல்லியில் நிகழும் காட்சிகளில் அதற்குரிய நேரத்தைக் காதலும் சிரிப்பும் எடுத்துக்கொள்கின்றன. அதனால் பின்னர் வரும் அரிவாள் வெட்டுகள் துயரின் விளைவாகத் தோன்றாமல் வெறும் சண்டைக் காட்சிகளாகவே நிற்கின்றன.

கதையிலிருந்து விலகி நிற்கும் நகைச்சுவை தமிழ்த் திரையுலகிற்குப் புதிதன்று. என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் இணை தங்கள் பகுதிகளைத் தாங்களே அமைத்துக்கொண்டனர். கரகாட்டக்காரன் (1989) படத்தின் நகைச்சுவைப் பகுதியை ஏ. வீரப்பன் எழுதினார். எனினும் அது கரகக் குழுவுக்குள்ளேயே நிகழ்ந்ததால் கதையோடு ஒட்டியிருந்தது.

சாமி முதற்பாகமும் வன்முறை மிகுந்ததே. ஆயினும் அதில் விவேக்கின் நகைச்சுவை, நாயகி வாழும் பிராமணக் குடும்பச் சூழலைச் சார்ந்து, சாதிப் பழக்கங்களைக் கேலி செய்வதாக அமைந்தது. அது பிச்சையின் கொடுமைகள் நிகழும் காட்சிகளுக்குள் புகவில்லை. அவ்வேடத்திற்காக விவேக் பிலிம்பேர் விருது பெற்றார்.