நூறாண்டு இன்ஜின்கள் இன்னும் மலை ஏறுவது எப்படி? ஊட்டி ரயிலின் 'எக்ஸ்' ரகக் கதை

நீலகிரிக்கு விமான நிலையம் கிடையாது. விமானத்தில் வருபவர்கள் கோவையில் இறங்கி, மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்துதான் மலை ஏற வேண்டும். ஆனால், விமான நிறுவனங்களிடம் இருப்பதுபோல இந்த மலைக்கும் சொந்தமாக ஒரு 'ஃபிளீட்' உண்டு. அதுதான் நீலகிரி மலை ரயிலின் இன்ஜின்கள்.

விமான நிறுவனங்கள் பழைய ரகத்தைக் கழித்துவிட்டுப் புதிய ரகத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். ஏர் இந்தியாவுக்கு 1971-ல் வந்து சேர்ந்த ஜம்போ ரகம் போயிங் 747. அதில் கடைசியாக இருந்தவற்றையும் விற்றாகிவிட்டது. 2024 ஏப்ரலில் அவற்றில் ஒன்று மும்பையிலிருந்து விடைபெற்றுப் பறந்த வீடியோ வைரலானது. ஊட்டி ரயிலில் நடப்பது நேரெதிர். முதல் உலகப் போர்க் காலத்தில் வடிவமைத்த ஒரு நீராவி இன்ஜின் ரகம் இன்றும் வேலை பார்க்கிறது. அதைவிட ஆச்சரியம், அதே ரகத்தில் புது இன்ஜின்கள் நம் ஊரிலேயே தயாராகின்றன. ஏன் இப்படி?

சாதாரண இன்ஜின் ஏன் ஏறாது?

மேட்டுப்பாளையம் – ஊட்டி பாதையின் நீளம் சுமார் 46 கி.மீ. கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் கிளம்பும் ரயில், 2,203 மீட்டர் உயரத்துக்குப் போக வேண்டும். கல்லாறில் தொடங்கி குன்னூர் வரை ஏற்றம் ரொம்பவே கடுமை. சில இடங்களில் 12 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏறியாக வேண்டும். மும்பை – புணே மலைப்பாதையின் கடினமான பகுதியிலேயே 37 மீட்டருக்கு ஒரு மீட்டர்தான் ஏற்றம்.

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் ஓரளவு சரிவுக்கு மேல் பிடிக்காது, வழுக்கிவிடும். அதனால்தான் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரட்டைச் சட்டங்களைப் பொருத்தியிருக்கிறார்கள். இதற்கு 'ஆப்ட்' முறை என்று பெயர். ஒரு சட்டத்தின் பல்லும் பக்கத்துச் சட்டத்தின் பல்லும் நேருக்கு நேர் இருக்காது, கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கும். அதனால் இன்ஜினின் பல்சக்கரம் எந்த நொடியும் பிடி இல்லாமல் போவதில்லை. இந்தியாவில் பயணிகளை ஏற்றிச் செல்லும் பல்சக்கர ரயில் பாதை இது ஒன்றுதான்.

'எக்ஸ்' ரகம் எப்போது வந்தது?

நீலகிரிக்கு ரயில் விட வேண்டும் என்ற யோசனை 1854-லேயே எழுந்தது. ஆனால், பாதை குன்னூரைத் தொட்டது 1899-ல். ஊட்டியை எட்டியது 1908-ல். தொடக்கத்தில் ஓடியவை இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்த பேயர் பீகாக் நிறுவனத்தின் இன்ஜின்கள்.

அதற்கு அடுத்த தலைமுறைதான் 'எக்ஸ்' ரகம். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் இருந்த எஸ்எல்எம் நிறுவனத்தின் தயாரிப்பு. ஆல்ப்ஸ் மலையில் பல்சக்கர ரயில்களுக்கு இன்ஜின் செய்து பழகிய நிறுவனம் அது. 1914 முதல் 1925 வரை 12 இன்ஜின்கள், 1950-களின் தொடக்கத்தில் இன்னும் 5 என மொத்தம் 17 இன்ஜின்கள் நீலகிரிக்கு வந்தன.

இந்த இன்ஜினின் சூட்சுமம் அதன் நான்கு சிலிண்டர்கள். கீழே இரண்டு, மேலே இரண்டு. சமவெளியில் கீழே உள்ள இரண்டு மட்டும் வேலை செய்து, மற்ற ரயில்களைப்போல சக்கரங்களைச் சுற்றும். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும், கீழ் சிலிண்டர்களில் உழைத்து முடித்த நீராவி வெளியே போகாமல் மேல் சிலிண்டர்களுக்குத் திருப்பி விடப்படும். அவைதான் பல்சக்கரங்களைச் சுழற்றுகின்றன. ஒரே நீராவியிடம் இரண்டு முறை வேலை வாங்குகிறார்கள். அப்படியும் மலையில் வேகம் மணிக்கு சுமார் 13 கி.மீ.தான்.

இன்னொரு விஷயம், ஏறும்போது இன்ஜின் ரயிலை இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. பெட்டிகள் கழன்று கீழே ஓடிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. டிரைவர் பின்னால் இருப்பதால், முன்னால் பாதையைப் பார்த்துக் கொடி காட்டும் வேலை பெட்டிகளின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன்களுடையது.

உதிரிபாகம் கேட்டால் யார் தருவார்?

எந்த ஃபிளீட்டுக்கும் உண்மையான ஆபத்து வயது இல்லை, உதிரிபாகம்தான். ஒரு போயிங் விமானத்துக்குப் பாகம் தேவை என்றால் போயிங்கைக் கேட்கலாம். 'எக்ஸ்' இன்ஜினைச் செய்த எஸ்எல்எம் இன்று இல்லை. 1990-களின் இறுதியில் அந்த நிறுவனம் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டுவிட்டது.

இதே நிலையில் இருந்த இன்னொரு மலை ரயிலின் கதை வேறு மாதிரி முடிந்தது. வியட்நாமின் தா லாத் மலை ஊருக்கும் இதே எஸ்எல்எம் இன்ஜின்கள் ஓடின. போரில் அந்தப் பாதை முடங்கியது. கைவிடப்பட்டுக் கிடந்த இன்ஜின்களை, சுவிட்சர்லாந்தின் ஃபுர்க்கா மலை ரயில் ஆர்வலர்கள் 1990-ல் தங்கள் நாட்டுக்கே திரும்பக் கொண்டு போனார்கள். தா லாத்துக்கு ஏறும் அந்தப் பல்சக்கரப் பாதை இன்று இல்லை.

நீலகிரிக்கும் அது நடந்திருக்கலாம். நடக்காமல் தடுத்ததில் பெரிய பங்கு திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனைக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் விமானங்களையே பழுதுபார்த்த இடம் இது. 'எக்ஸ்' இன்ஜின்களைப் பிரித்துப் பழுது பார்த்துப் பழகிய இந்தப் பணிமனை, 2000-களில் அவற்றை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றத் தொடங்கியது. கோடையில் நிலக்கரிப் பொறி பறந்தால் காட்டுத் தீ அபாயம் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

அடுத்த படி, பழுது பார்ப்பதைத் தாண்டி முழு இன்ஜினையே செய்வது. 2011 முதல் 2014 வரை, எண்ணெயில் ஓடும் நான்கு புதிய 'எக்ஸ்' இன்ஜின்கள் பொன்மலையில் தயாராகின. 2021 ஆகஸ்டில் நிலக்கரியில் ஓடும் புதிய இன்ஜின் ஒன்றும் வெளிவந்தது. உலகமே நீராவியை விட்டுவிட்ட காலத்தில், தமிழ்நாட்டில் புதிதாக ஒரு நிலக்கரி இன்ஜின்!

பழைய 17-ல் ஒன்றை இன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

குன்னூருக்கு மேல் டீசல்

குன்னூர் – ஊட்டி மட்டும் டிக்கெட் எடுத்துவிட்டு நீராவி இன்ஜினைத் தேடி ஏமாறுபவர்கள் நிறைய பேர். அந்தப் பகுதியில் பல்சட்டம் கிடையாது, ஏற்றமும் குறைவு. அங்கே வழக்கமாக ஓடுவது 'ஒய்டிஎம்-4' ரக டீசல் இன்ஜின். நீராவி வேண்டும் என்றால் மேட்டுப்பாளையத்தில் காலையிலேயே ஏறிவிட வேண்டும்.

இந்த டீசலுக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு காலத்தில் தென் மாவட்டங்கள் முழுக்க ஓடிய மீட்டர் கேஜ் இன்ஜின் இது. பாதைகள் எல்லாம் அகலப் பாதையாக மாறிவிட்டன. தமிழ்நாட்டில் மீட்டர் கேஜில் ஓடும் பயணிகள் ரயில் இன்று ஊட்டி ரயில் ஒன்றுதான். அதனால் இன்ஜின், பெட்டி, சக்கரம் என எது வேண்டுமானாலும் இந்த 46 கி.மீ. பாதைக்காகவே தனியாகச் செய்தாக வேண்டும். பெட்டிகளை சென்னை ஐசிஎஃப் செய்து தருகிறது.

புது இன்ஜின் என்றால் பாரம்பரியம் போச்சா?

2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த ரயில் இது. '2021-ல் செய்த இன்ஜின் எப்படிப் பாரம்பரியம் ஆகும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால், அருங்காட்சியகத்தில் நிற்கும் இன்ஜினுக்கு டிரைவர் தேவையில்லை, ஃபிட்டர் தேவையில்லை. மலை ஏறும் இன்ஜினுக்கு அவர்கள் எல்லோரும் தேவை. பாய்லரில் நீராவி அழுத்தத்தைக் கணிப்பது, பல்சக்கரம் சட்டத்தில் இடிக்காமல் நுழையும்படி வேகத்தைக் குறைப்பது, தேய்ந்த பல்லைக் கண்டுபிடிப்பது போன்றவை புத்தகத்தைப் படித்து மட்டும் வருபவை அல்ல. ஒருவர் வேலை செய்வதைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொள்பவை.

பொன்மலையில் ஒரு புது இன்ஜின் உருவாகும் ஒவ்வொரு முறையும், அந்த வேலை தெரிந்த இன்னொரு தலைமுறை உருவாகிறது. இன்ஜினுக்கு வயதானால் வேறொன்று செய்துவிடலாம். செய்யத் தெரிந்தவர்கள் ஓய்வுபெறும் முன் அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மலை ரயில் இன்னும் எத்தனை ஆண்டுகள் ஓடும் என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.