ஒட்டும் சோறும் உதிரும் சோறும்

சோறு பூப்போல உதிரியாக இருக்கிறது என்றால் நம் வீடுகளில் அது பாராட்டு. பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சமைத்தவர் முகம் வாடிவிடும். ஜப்பானில் நிலைமை இதற்கு நேர்மாறு! அங்கே சோற்றுக்கென்றே பெயர்பெற்ற உணவகங்கள் உண்டு. 'கமாமேஷி' விற்கும் கடைகளில் ஆளுக்கொரு சிறு பானையில் மீன், காளான், காய்கறிகளோடு அரிசியை வேகவைத்து, பானையோடு மேசையில் வைப்பார்கள். அந்தச் சோறு பளபளப்பாக, ஒட்டும் தன்மையோடு இருக்கவேண்டும். உதிர்ந்து போனால் அதுதான் குறை.

இது நமக்குத் தொலைதூரச் செய்தி அல்ல. ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஆலையில் உருவான நிசான் கார்கள் எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து கப்பலேறியுள்ளன. தொழில் நிமித்தம் ஜப்பானியர் வந்து தங்க, சென்னையில் ஜப்பானிய உணவகங்களும் தோன்றின. திருவொற்றியூரிலோ இராயபுரத்திலோ வசிக்கும் நீங்கள் நாளை அப்படி ஓர் உணவகத்தில் அமர நேரலாம். முதல் கவளத்திலேயே "சோறு குழைந்துவிட்டதே!" என்று தோன்றும். உண்மையில் அது குழையவில்லை. பின் ஏன் ஒட்டுகிறது?

இரண்டு மூலக்கூறுகள்

அரிசியின் பெரும்பகுதி மாவுச்சத்து. அதில் இரண்டு வகை மூலக்கூறுகள் உள்ளன. ஒன்று அமைலோஸ், இது பெரும்பாலும் கிளையில்லாத நீண்ட சங்கிலி. மற்றொன்று அமைலோபெக்டின், இது முருங்கை மரம்போல் கிளைவிட்டுப் பரந்தது.

நீரோடு சேர்த்துச் சூடாக்கினால், ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி சென்டிகிரேடில் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிக் கூழாகின்றன. சோறு ஆறும்போதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. நேரான அமைலோஸ் சங்கிலிகள், கட்டி வைத்த விறகுபோல எளிதில் அருகருகே அடுங்கிக்கொள்கின்றன. சோறு விறைப்பாகி, பருக்கைகள் தனித்து நிற்கின்றன. கிளைகள் நிறைந்த அமைலோபெக்டின் அவ்வளவு எளிதில் அடுங்காது. எனவே சோறு மென்மையாகவும் பசையாகவும் இருக்கிறது.

நம் நாட்டின் பல நீள அரிசி ரகங்களில் மாவுச்சத்தின் 25 விழுக்காடோ அதற்கு மேலுமோ அமைலோஸ்தான். ஜப்பானியரின் அன்றாட அரிசியில் அது 15 முதல் 20 விழுக்காடு. அவர்கள் 'மோச்சி' என்னும் பலகாரம் செய்யும் அரிசியில் அமைலோஸ் அநேகமாக இல்லவே இல்லை. செட்டிநாட்டு விருந்துகளில் இனிப்பாக வரும் கவுனி அரிசியை உண்டவர்களுக்கு இந்த ஒட்டும் தன்மை புதிதல்ல.

உண்ணும் முறையும் இதற்குப் பொருந்துகிறது. இரண்டு குச்சிகளால் சோற்றை எடுக்கவேண்டுமானால் அது திரளாக வரவேண்டும். காசிமேட்டு மீன்குழம்பை ஊற்றிப் பிசையவேண்டுமானால், பருக்கைகளுக்கு இடையே குழம்பு புக வழி வேண்டும்.

மூடியைத் திறக்காதே!

சமைக்கும் முறையும் வேறு. நாம் நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடிக்கிறோம். பருக்கையிலிருந்து வெளிவந்த பசை அதோடு போய்விடுகிறது. ஜப்பானியர் ஒரு பங்கு அரிசிக்குச் சுமார் ஒன்றேகால் பங்கு நீர்தான் வைக்கிறார்கள். நீர் முழுவதும் அரிசிக்குள் சென்றுவிட, பசை பருக்கைமேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. அடுப்பை அணைத்த பின்னும் பத்துப் பதினைந்து நிமிடம் மூடியபடியே விடுகிறார்கள். குழந்தை அழுதாலும் மூடியைத் திறக்காதே என்பது அவர்கள் வழக்கில் உள்ள அறிவுரை. திறந்தால் நீராவி வெளியேறும். அதோடு உள்ளுறை வெப்பமும் போய்விடும். மேல் பருக்கைகள் வேகாமல் நிற்கும்.

நீர் தீர்ந்த கணத்தை எப்படி அறிவது? இங்கே இயற்பியல் உதவுகிறது. பானையில் நீர் இருக்கும்வரை, நம் கடற்கரை ஊர்களில் அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. எவ்வளவு எரித்தாலும் வெப்பம் நீரை ஆவியாக்கவே செலவாகும். நீர் தீர்ந்ததும் வெப்பநிலை விறுவிறுவென்று ஏறும். 1955-ஆம் ஆண்டு ஜப்பானின் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கி மின் அரிசிக் குக்கர் இந்த ஏற்றத்தை உணர்ந்தே மின்சாரத்தை நிறுத்தியது. பின்னர் வந்த பல குக்கர்களில் அடியில் ஒரு தனிவகைக் காந்தப் பொருள் உள்ளது. 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் அது காந்தத் தன்மையை இழக்கும்; பிடி தளர்ந்து விசை 'டக்' என்று விழும். இவ்வாறு காந்தத் தன்மை மறையும் வெப்பநிலையைக் கியூரி வெப்பநிலை என்கிறோம்.

வெண்மையின் விலை

ஒட்டும் வெள்ளைச் சோற்றுக்கு ஜப்பான் பெரிய விலை கொடுத்தது. தவிட்டை முற்றிலும் நீக்கிய அரிசியில் வைட்டமின் பி1 மிகக் குறைவு. அது இல்லாவிடில் கால்கள் வீங்கி, நரம்பும் இதயமும் தளரும் பெரிபெரி நோய் வரும். 1882-83-இல் நீண்ட பயணம் சென்ற 'ரியூஜோ' என்ற போர்க்கப்பலில் 376 பேரில் 150-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; 25 பேர் இறந்தனர். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ உணவில் இறைச்சி முதலியவற்றைச் சேர்க்கச் செய்து, 1884-இல் 'சுகுபா' என்ற கப்பலை அதே வழியில் அனுப்பவைத்தார். நோயுற்றோர் மிகச் சிலரே. அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. புரதக் குறைவே காரணம் என்று அவர் எண்ணினார். வைட்டமின் என்ற கருத்தே அப்போது தோன்றியிருக்கவில்லை.

அன்றைய சென்னை மாகாணத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடகோடிக் கடற்கரை மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரப் பகுதியில், பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டுப் பகுதியிலுள்ள பி1 நீரில் கரைந்து அரிசியின் உட்புறம் சென்றுவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. நம் பாட்டிமார் நெல் அவித்ததில் இத்தனை பயன் இருந்தது!

ஆயினும் நாமும் முழுவெற்றி பெறவில்லை. பி1 நீரில் கரைவது. அரிசியைப் பலமுறை களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால், புழுக்கிக் காத்ததில் ஒரு பகுதி சாக்கடைக்குப் போகிறது. வடிகஞ்சியை உப்பிட்டுக் குடித்த பழக்கம் அறிவியலுக்கு உகந்ததே. புழுங்கலரிசியை அளவான நீரில் வேகவைத்தால் நம் நன்மையும் ஜப்பானியர் நன்மையும் ஒருங்கே கிட்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீர்த்த அயோடின் கரைசல் இருக்கும். நம் சோற்றின் வடிகஞ்சியை நன்கு ஆறவைத்து, நீர் கலந்து, ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். அடர்நீலம் தோன்றும், அது அமைலோஸின் அடையாளம். அமைலோஸ் அநேகமாக இல்லாத ஒட்டரிசி கிடைத்தால் அதன் கஞ்சியிலும் விடுங்கள். நிறம் செம்பழுப்பாக இருக்கும். சோதித்த கஞ்சியைக் கொட்டிவிடுங்கள்; மற்றதைக் கொட்டாதீர்கள்.