பிக் பேர்டுக்குள்ள இருக்கிறவர் எப்படிப் பார்க்கிறார்?

இந்த எபிசோடுல ஒரே ஒரு கேள்வி. 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில வர்ற மஞ்சள் பறவை பிக் பேர்டு ஞாபகம் இருக்கா? உயரம் 8 அடி 2 அங்குலம். உள்ள ஒரு ஆள் இருக்கார்னு தெரியும். ஆனா அந்த உடையில வெளியே பார்க்க ஓட்டையே கிடையாது. அப்புறம் எப்படி நடக்கிறார்?

டிவி பார்த்துத்தான். 1969-ல நிகழ்ச்சி தொடங்கினதுல இருந்து பிக் பேர்டா நடிச்சவர் கேரல் ஸ்பின்னி. மார்புல ஒரு குட்டி மானிட்டரைக் கட்டியிருப்பார். கேமரா என்ன காட்டுதோ, அதுதான் அவருக்கும் தெரியும். வசனத் தாளை வெட்டி உடைக்குள்ளேயே ஒட்டி வச்சுக்குவார்.

இப்போ மெக்கானிசம். வலது கையைத் தலைக்கு மேல தூக்கினா அதுதான் பறவையோட கழுத்து. உள்ளங்கையும் விரலும் அலகு. சுண்டு விரல்ல ஒரு லீவர், அதை அசைச்சா இமை அசையும். இடது கைதான் இடது சிறகு. அப்போ வலது சிறகுக்குக் கை ஏது? ஒரு தூண்டில் நரம்பு! இடது கையில கிளம்பி, கழுத்துக்குக் கீழ ஒரு வளையத்துல நுழைஞ்சு, வலது சிறகுக்குப் போகும். இடது கை இறங்கினா வலது சிறகு ஏறும். மோட்டார் இல்ல, சாஃப்ட்வேர் இல்ல. எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் இது.

இன்னொரு சிக்கல். வீடியோ கால்ல நம்ம முகத்தை ஆப் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும். இவங்க மானிட்டர் திருப்பாது. வலப்பக்கம் நகர்ந்தா திரையில இடப்பக்கம் போகும். உங்க ஆப்ல மிரர் ஆப்ஷனை ஆஃப் பண்ணிட்டுத் தலை சீவிப் பாருங்க. நான் பார்த்தேன், சீப்பு நேரா காதுக்குப் போச்சு.

இவ்வளவையும் சமாளிச்சுக்கிட்டே நடிக்கவும் வேணும். கடைக்காரர் மிஸ்டர் ஹூப்பரா நடிச்ச வில் லீ 1982 டிசம்பர்ல இறந்துட்டார். வேற நடிகரைப் போடலாம், ஊருக்குப் போயிட்டார்னு சொல்லியிருக்கலாம். குழுவினர் குழந்தைகள்கிட்ட உண்மையைச் சொல்ல முடிவு பண்ணாங்க. 1983 நவம்பர் 24 எபிசோடுல, பிக் பேர்டு எல்லாரையும் வரைஞ்ச படங்களோட வருது. ஹூப்பர் படமும் இருக்கு. அவர் திரும்பி வரமாட்டார்னு பெரியவங்க சொல்றாங்க. அந்தப் படங்களை நிஜமாவே வரைஞ்சவர் ஸ்பின்னிதான். பறவையோட முகத்துல அழறதுக்குத் தசை கிடையாது. தலை சாயிற கோணமும் குரலும்தான். தூக்கின கையை இறக்கவும் முடியாது.

2015-ல உடம்பு பேலன்ஸ் பிரச்சினையால அவர் உடையை மாட்டுறதை நிறுத்தினார். பல வருஷமா அவர்கிட்ட கத்துக்கிட்ட மேட் வோகல் உள்ள போனார். ஆனா 2018 வரைக்கும் குரல் மட்டும் ஸ்பின்னியோடதுதான்.

அடுத்த தடவை ஒரு பொம்மை உங்களைப் பார்த்துச் சிரிச்சா, கீழ ஒருத்தரோட தோள் வலிக்குதுன்னு நினைச்சுக்கோங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!