அளந்ததும் அறிந்ததும் – 11: கடல் ஏறியதா, தரை இறங்கியதா?

மரத்தடியில் வைத்த மழைமானியின் கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் சிப்பிகாட் மண்ணின் உவர்க் கணக்கு என்று சொல்லியிருந்தேன். ஆனால் அந்த வயல்களுக்குள் கடல்நீர் எப்படிப் புகுந்தது என்பதை முதலில் தீர்த்தாக வேண்டும்.

போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அருகில் உள்ள சிப்பிகாட்டில் 2004 டிசம்பர் 26 வரை நெல்லும் தென்னையும் விளைந்தன. அன்றைய நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமி வந்து போயிற்று; நீர் மட்டும் வடியவில்லை. அன்றிலிருந்து ஓதம் ஏறும்போதெல்லாம் உப்புநீர் வயலுக்குள் வந்தது. தென்னைகள் நின்ற நிலையிலேயே பட்டுப்போயின. இன்று அங்கே அந்தமான் கிளுவையைத் தேடிப் பறவை ஆர்வலர்கள் வருகிறார்கள். அதே நாளில் வடக்கு அந்தமானில் தரை எழும்பி, பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்தன.

துறைமுகத்தில் ஓதத்தை அளக்கும் ஓதமானி, தான் நிற்கும் தரையிலிருந்து கடலின் உயரத்தைக் குறிக்கிறது. தரை ஒரு மீட்டர் இறங்கினால், கடல் ஒரு மீட்டர் ஏறியதாகத்தான் அது எழுதும். பருவநிலை மாற்றத்தால் கடல் உயர்வது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். இரண்டையும் ஒரே கோட்டில் சேர்த்துச் சராசரி எடுத்தால் வரும் எண் எதற்கும் உதவாது. 2004-க்கு முந்தைய மட்டக்குறியை நம்பி மதகு கட்டினால், கணக்கு ஒரு மீட்டர் தவறும். போர்ட் பிளேர் ஓதமானியின் கடிகாரமும் அன்று சரியான நேரம் காட்டவில்லை என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதைத் திருத்திய பிறகே தரை எப்படி மெல்ல மெல்ல இறங்கியது என்பது தெளிந்தது.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்த செய்தி இதைவிடப் பழையது. 1881 டிசம்பர் 31 காலையில் கார் நிக்கோபார் அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. அப்போது வங்கக் கடலைச் சுற்றிலும் ஓதமானிகள் இருந்தன. குழாய்க்குள் மிதவை, மிதவையோடு இணைந்த பேனா, கடிகாரத்தால் சுழலும் உருளையில் தாள். போர்ட் பிளேர், சென்னை, நாகப்பட்டினம் உட்பட எட்டு இடங்களில் பேனாக்கள் அந்தச் சுனாமியை வரைந்தன. மிக உயர்ந்த அலை ஒரு மீட்டரைக்கூட எட்டவில்லை. பதிவுகளும் நேரக் குறிப்புகளும் பத்திரமாக இருந்ததால், 2003-ல் ஓர்ட்டிஸ், பில்ஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றைக் கொண்டு அந்த நிலநடுக்கத்தின் அளவை 7.9 என்று கணித்தார்கள். யாரோ ஒரு ஊழியர் ஒழுங்காகச் சாவி கொடுத்து, தாள் மாற்றி, நேரம் குறித்ததன் பலன் 122 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது!

அடுத்த ஆண்டு டிசம்பரில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தக் கடலில் சுனாமி வரும் என்பதற்குச் சான்று தாளில் இருந்தது. எச்சரிக்க அமைப்பு இல்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007-ல்தான் இயங்கத் தொடங்கியது.

ஆகவே ஒரு தரவு பிழையற்றதா என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. எதிலிருந்து அளந்தார்கள், எந்தக் கடிகாரத்தை நம்பினார்கள், முடிவெடுப்பவர் மேசைக்கு அது போய்ச் சேர்ந்ததா – மூன்றையும் கேட்க வேண்டும். சிப்பிகாட் விவசாயிக்கு நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு: இந்த மண்ணில் இனி என்ன விளையும்? உவர்க் கணக்கு அடுத்த வாரம்.