காட்டுக்குப் போகும் கமராவுக்கு எந்த மெமரி கார்ட்டைக் கொடுப்பது?

யால, வில்பத்து, மின்னேரியா, குமண என்று வனவிலங்குகளைப் படம் பிடிக்கச் செல்வோர் பலரின் கையில் இன்று இருப்பது மிரர்லெஸ் கமரா. பழைய எஸ்.எல்.ஆர். கமராக்களுக்குள் இருந்த அசையும் கண்ணாடி இதில் கிடையாது. விலை கூடிய ரகங்கள் ஒரு செக்கனில் இருபது, முப்பது படங்களைச் சத்தமில்லாமல் எடுத்துத் தள்ளுகின்றன. கமராவும் லென்ஸும் சேர்ந்து பல இலட்சம் ரூபா பெறுமதியானவை. அவற்றை வெளிநாட்டில் வாங்கி வரும் உல்லாசப் பிரயாணி கூட, மெமரி கார்ட் நிறைந்து விட்டது அல்லது பழுதாகி விட்டது என்றால் அவசரத்துக்கு நமது கடைக்குத்தான் வர வேண்டும். திஸ்ஸமஹாராம, கிரிந்த, புத்தளம், ஹபரண பக்கத்தில் கையடக்கத் தொலைபேசிக் கடை வைத்திருப்பவர்களுக்கு இது புதிய விடயமல்ல.

கமரா உதிரிப் பொருட்கள் விற்பவன் என்ற வகையில் நான் அவதானித்தது என்னவென்றால், வாங்குபவரும் விற்பவரும் கார்ட்டின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் இலக்கத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள் என்பதுதான். 200 என்றும் 300 என்றும் போட்டிருப்பது பெரும்பாலும் வாசிக்கும் வேகம். அதாவது படங்களைக் கார்ட்டிலிருந்து கணனிக்கு எடுக்கும்போது கிடைக்கும் வேகம். காட்டுக்குள் சிறுத்தை முன்னால் நிற்கும்போது தேவைப்படுவது அதுவல்ல. கமரா எடுக்கும் படத்தைக் கார்ட் எவ்வளவு விரைவாக எழுதிக் கொள்கிறது என்பதே அப்போது முக்கியம். அந்த இலக்கம் ஒன்றில் பொதியின் பின்புறத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. சில கார்ட்களில் எழுதும் வேகம், முகப்பில் உள்ள வேகத்தின் பாதிக்கும் குறைவு.

இது ஏன் பெரிய விடயம் என்பதை ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்து விளங்கிக் கொள்ளலாம். கமராவுக்குள் பஃபர் எனப்படும் ஒரு தற்காலிகத் தொட்டி இருக்கிறது. எடுக்கும் படங்கள் முதலில் அதற்குள் விழுகின்றன. அங்கிருந்து ஒரு குழாய் வழியாகக் கார்ட்டுக்குப் போகின்றன. கார்ட்டின் எழுதும் வேகம்தான் அந்தக் குழாயின் அகலம். குழாய் ஒடுங்கியதாக இருந்தால் தொட்டி நிரம்பி விடும். நிரம்பியதும் கமரா தடுமாறி, ஒன்றிரண்டு படங்களாக எடுக்கத் தொடங்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 45 மெகாபிக்சல் கமராவில் 'ரோ' முறையில் எடுக்கும் ஒரு படம் ஏறத்தாழ 45 மெகாபைட் என்று வைத்துக் கொள்வோம். செக்கனுக்கு 20 படமென்றால் 900 மெகாபைட் தொட்டிக்குள் கொட்டுகிறது. தொட்டியில் 1,500 மெகாபைட் தேங்கி விட்டால், செக்கனுக்கு 85 மெகாபைட் எழுதும் சாதாரண எஸ்.டி. கார்ட் அதை வெளியேற்றிமுடிக்கப் பதினேழு, பதினெட்டு செக்கன்கள் ஆகும். 250 மெகாபைட் எழுதும் நல்ல எஸ்.டி. கார்ட்டுக்கு ஆறு செக்கன் போதும். சீ.எஃப். எக்ஸ்பிரஸ் வகை கார்ட் என்றால் இரண்டு செக்கனுக்குள் முடிந்து விடும். பதினெட்டு செக்கனில் ஒரு சிறுத்தை பாதையைக் கடந்து பற்றைக்குள் மறைந்து விடும். நுழைவுக் கட்டணம், ஜீப் கூலி, ஹோட்டல் செலவு எல்லாம் கட்டி, மூன்று நாள் காத்திருந்து கண்ட சிறுத்தை அது.

இனி வகைகளுக்கு வருவோம். எஸ்.டி. கார்ட்டில் இரண்டு தலைமுறைகள் சந்தையில் இருக்கின்றன. யூ.எச்.எஸ். 1 என்பதன் உச்ச வரம்பு செக்கனுக்கு 104 மெகாபைட். யூ.எச்.எஸ். 2 என்பதன் வரம்பு 312 மெகாபைட். முன்னைய வகைக் கார்ட்டில் 170, 200 என்று அச்சிட்டிருந்தால் அது அந்த நிறுவனத்தின் விசேட ரீடரில் மட்டும் கிடைக்கும் வாசிப்பு வேகம். கமராவுக்குள் அது வராது. இரண்டையும் பிரித்தறியப் படிப்பு ஒன்றும் தேவையில்லை, கார்ட்டைத் திருப்பிப் பார்த்தால் போதும். யூ.எச்.எஸ். 2 கார்ட்டின் பின்புறத்தில் தங்க நிறத் தொடுகைகள் இரண்டு வரிசையாக இருக்கும். மற்றதில் ஒரு வரிசைதான். கொள்வனவு செய்யும்போது பெட்டியில் ஒன்றைத் திறந்து இதைப் பார்த்து விட்டே காசைக் கொடுங்கள்.

அடுத்ததாக வீ30, வீ60, வீ90 என்ற குறிகள். வீடியோவுக்காக ஏற்பட்ட இந்தக் குறிகள், இடைவிடாது எழுதும்போதும் வேகம் 30, 60, 90 மெகாபைட்டுக்குக் கீழே இறங்காது என்பதற்கான உறுதிமொழி. முகப்பில் இருக்கும் பெரிய இலக்கத்தை விட இந்தச் சின்னக் குறியையே நான் நம்புகிறேன். கெனன் ஆர்7, ஓ.எம்.1, சோனி ஏ6700 போன்ற எஸ்.டி. மட்டும் ஏற்கும் கமராக்களுடன் வனவிலங்குப் படத்துக்குப் போகிறவருக்கு வீ90 கொடுப்பது நல்லது. பணம் போதாதென்றால் வீ60.

உயர் ரகக் கமராக்களுக்கு சீ.எஃப். எக்ஸ்பிரஸ். இதில்தான் நமது கடைக்காரர்கள் அதிகம் குழம்புகிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஏ வகையும் பீ வகையும் வெவ்வேறு அளவானவை. ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. ஏ வகை எஸ்.டி. கார்ட்டை விடச் சற்றுச் சிறியது, சோனி ஏ1, ஏ9 மாதிரி 3 போன்றவற்றுக்கானது. அந்தக் கமராக்களின் அதே இடத்தில் எஸ்.டி. கார்ட்டையும் போடலாம். பீ வகை பெரியது. நிக்கோன் இசட்9 இரண்டு பீ வகைக் கார்ட்களைக் கேட்கிறது. நிக்கோன் இசட்8, கெனன் ஆர்5, ஆர்5 மாதிரி 2 ஆகியன ஒரு பீ வகையும் ஒரு எஸ்.டி.யும் ஏற்பவை. இந்தக் கலப்புக் கமராக்களில் ஒரு பொறி இருக்கிறது. பாதுகாப்புக்காக இரண்டு கார்ட்டிலும் ஒரே படத்தை எழுதச் சொன்னால், வேகம் மெதுவான கார்ட்டின் அளவுக்கு இறங்கி விடும். விலை கூடிய பீ வகைக் கார்ட்டுடன் மலிவான எஸ்.டி.யை வாங்கிப் போட்டவர், கார்ட் மோசம் என்று உங்களிடம் திரும்பி வருவார். விற்கும்போதே இதைச் சொல்லி விடுங்கள்.

சீ.எஃப். எக்ஸ்பிரஸிலும் மலிவான ரகங்கள் உண்டு. அவை முதற் சில செக்கன்களுக்கு வேகமாக எழுதி, பிறகு சோர்ந்து விடும். படம் மட்டும் எடுப்பவருக்கு இது பெரும்பாலும் தெரிய வராது. ஏனென்றால் அவர் அழுத்துவதே சில செக்கன்கள்தான். 8கே வீடியோ எடுப்பவருக்கு இது சரி வராது. அவருக்கு வீ.பி.ஜி. 400 என்ற முத்திரை உள்ளதைக் கொடுக்க வேண்டும். இடைவிடாமல் 400 மெகாபைட் எழுதும் என்பதற்கான உறுதி அது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். கெனன் ஆர்50, ஆர்100 போன்ற ஆரம்ப ரகக் கமராக்கள் யூ.எச்.எஸ். 1 வேகத்துக்கு மேல் போக மாட்டா. வீ90 கார்ட் அவற்றில் வேலை செய்யும், ஆனால் கமராவுக்குள் கூடுதல் வேகம் கிடைக்காது. அப்படிப்பட்டவருக்குப் பல மடங்கு விலையுள்ள கார்ட்டைத் தலையில் கட்டுவது வியாபாரமல்ல. நல்ல வீ30 கார்ட் இரண்டைக் கொடுத்து அனுப்பினால், அடுத்த முறை தன் நண்பரையும் அழைத்து வருவார். கமராவின் பெயரைக் கேட்காமல் கார்ட் விற்பது, வாகனம் எதுவென்று கேட்காமல் டயர் விற்பது போன்றது.

தொலைபேசிக்குப் போடும் மைக்ரோ எஸ்.டி.யை அடப்டரில் செருகிக் கொடுப்பதும் நமது கடைகளில் வழக்கம். திருமண வீட்டில் நாலு படம் எடுக்க அது போதும். காட்டு வேலைக்கு வேண்டாம். அடப்டரின் தொடுகை தளர்ந்தால் கார்ட் நடுவில் அறுந்து போகும். தூசியும் ஜீப்பின் குலுக்கலும் அதற்கு உதவி செய்யும்.

போலிகளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 32 ஜீபீ சில்லை 256 ஜீபீ என்று கணனிக்குப் பொய் சொல்ல வைத்து விற்கிறார்கள். பொதி, எழுத்து, ஹோலோகிராம் எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். முதல் 32 ஜீபீ வரை ஒழுங்காக எழுதும், அதன் பிறகு எடுக்கும் படங்கள் காணாமற் போய்விடும், அல்லது பழையவற்றை அழித்து விடும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்ட்டை முழுவதும் நிரப்பி, திரும்ப வாசித்து உண்மையான கொள்ளளவையும் வேகத்தையும் காட்டி விடும். புதிய சரக்கு வரும்போது ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டொன்றை இப்படிச் சோதிப்பது என் வழக்கம். சோதிக்க அனுமதிக்காத விநியோகஸ்தரிடம் நான் கொள்வனவு செய்வதில்லை. சந்தை விலையை விட மிக மலிவாக ஒருவர் தருகிறார் என்றால், ஏன் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

கையிருப்பு விடயத்திலும் நிதானம் தேவை. மெமரியின் விலை நீண்ட காலப் போக்கில் இறங்கியே வந்திருக்கிறது, இடையிடையே திடீரென ஏறவும் செய்கிறது. ஆகவே விலை கூடிய கார்ட்களைக் குவித்து வைத்து முதலை முடக்காதீர்கள். சபாரி வழித்தடக் கடையென்றால் 128 ஜீபீ வீ60, வீ90 எஸ்.டி. கார்ட்களில் சிலதும், பீ வகையிலும் ஏ வகையிலும் ஒன்றிரண்டும் போதுமானவை. எக்ஸ்.கியூ.டி. என்ற பழைய வகையை யாராவது தள்ளுபடியில் தந்தால் எடுக்க வேண்டாம். அதுவும் பீ வகையும் ஒரே உருவம். ஆனால் எக்ஸ்.கியூ.டி.யுடன் 2018இல் வந்த நிக்கோன் இசட்6, இசட்7 கமராக்களே 2019 டிசம்பர் முதல் மென்பொருள் புதுப்பிப்பின் மூலம் சீ.எஃப். எக்ஸ்பிரஸை ஏற்கின்றன.

இலாபம் இருப்பது ரீடரில். பழைய யூ.எஸ்.பி. 2 ரீடரில் 128 ஜீபீயை இறக்கச் சுமார் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அதிகாலை ஜீப்புக்கு எழும்ப வேண்டியவர் இரவில் அதற்காக விழித்திருப்பாரா? ஏ வகைக்கும் பீ வகைக்கும் ரீடரும் வேறு என்பதால், கார்ட் வாங்குபவரிடம் அதையும் கேட்டு விடுங்கள்.

பற்றுச்சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுப்பது நல்லது: உத்தரவாதம் கார்ட்டுக்கு மட்டுமே, அதிலுள்ள படங்களுக்கு அல்ல. சீ.எஃப். எக்ஸ்பிரஸ் கார்ட் வேலை செய்யும்போது கையில் சுடும், அது பழுதல்ல என்பதையும் வாயால் சொல்லி விடுங்கள். கார்ட்டை எப்போதும் கமராவிலேயே ஃபோர்மட் செய்யச் சொல்லுங்கள். படங்கள் தவறுதலாக அழிந்து விட்டன என்று யாராவது பதறிக் கொண்டு வந்தால், முதலில் கார்ட்டை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதன் மேல் புதிதாக ஒரு படமும் எழுதப்படாத வரை, மீட்பு மென்பொருளில் பெரும்பாலானவற்றை எடுக்க வாய்ப்பிருக்கிறது.